குமுளி மலைப்பாதையில் ஒரு டாட்ஜ், ஒரு இம்பாலா: எதை வாங்கலாம்?

கம்பம், கூடலூர் பக்கம் பழைய அமெரிக்கக் கார் வாங்குகிற ஆர்வம் இப்போது கூடியிருக்கிறது. ஏலக்காய் நல்ல விலைக்குப் போன வருஷங்களில் கையில் காசு சேர்ந்தவர்கள், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், தாத்தா வைத்திருந்த பிளசர் மாதிரியே ஒன்று வேண்டும் என்கிறவர்கள் எனப் பலரும் குமுளியில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து யோசனை கேட்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் மனசில் இருப்பது இம்பாலா. நான் டாட்ஜ் கிங்ஸ்வேயைப் பாருங்கள் என்கிறேன். அதற்கான காரணத்தை ஒவ்வொருவரிடமும் அவசரமாகச் சொல்வதை விட, இங்கே விவரமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் தொழில் கற்றது கம்பத்தில், தாய்மாமாவிடம். எழுபதுகளின் நடுவில் ஸ்பேனர் பிடிக்க ஆரம்பித்தேன். அப்போது கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு பாதையில் ஓடிய வாடகைக் கார்களில் டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ இருந்தன. பெரும்பாலானவற்றில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டுச் சென்னை சிம்சனில் தயாரான பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றியிருந்தார்கள். 1973-ல் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறிய பிறகு ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டியை வாடகைக்கு ஓட்டிக் கட்டுப்படியாகவில்லை. எஸ்டேட் முதலாளிகளிடமும் டாக்டர்களிடமும் இருந்து கைமாறிக் கைமாறி வந்த வண்டிகள் அவை. முன் சீட்டில் டிரைவரோடு மூன்று பேர், பின்னால் நாலு பேர், நடுவில் பலகை போட்டுப் பிள்ளைகள், மேலே மூட்டை. அப்படி ஏற்றிக்கொண்டு மலை ஏறும்.

இந்த மதிப்புரைக்கு இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று 1951 மாடல் டாட்ஜ் கிங்ஸ்வே. கூடலூரில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருடையது, எஞ்சின் மாற்றாதது. இன்னொன்று 1960 செவர்லே இம்பாலா. உத்தமபாளையத்துக்காரர் ஒருவர் வெளியூரில் வாங்கிக் கொண்டுவந்தது. இரண்டையும் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை நானே ஓட்டி ஏற்றி, இறக்கியும் வந்தேன். வேலை பார்ப்பதும் நான்தான் என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

டாட்ஜில் முதலில் உட்காருவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் காரின் தலையெழுத்தே அந்த சீட்டில்தான் இருக்கிறது. கதவு நல்ல உயரம். தலையைக் குனிய வேண்டாம். வேட்டி கட்டிய பெரியவர் அப்படியே நேராகப் போய் உட்காரலாம். சீட் தரையோடு தரையாகக் கிடக்காமல் மேலே இருப்பதால் முழங்கால் நெஞ்சுக்கு வராது. கூடலூர்க்காரரின் அம்மாவுக்கு மூட்டுவலி. அவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டு மகனிடம், “இதுல ஏறுனா வலியே தெரியலப்பா. உன் புதுக் கார்ல ஏத்திவிட ஒரு ஆளு, எறக்கிவிட ஒரு ஆளு வேண்டியிருக்கு” என்றார். காரைப் பற்றி நான் கேட்ட பாராட்டுகளில் இது முக்கியமானது. காரணம், இதே உயரத்துக்காகத்தான் இந்தக் கார் அமெரிக்காவில் அடி வாங்கியது.

டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ மூன்றையும் செய்த கிரைஸ்லர் கம்பெனியின் தலைவராக 1935-லிருந்து 1950 வரை இருந்தவர் கே.டி. கெல்லர். பட்டறையிலிருந்து மேலே வந்த ஆள். ஆண்கள் தொப்பி போட்டுக்கொண்டே காருக்குள் உட்கார முடிய வேண்டும் என்பது அவர் கட்டளை. அவருக்கு அந்தப் பிடிவாதம் வந்ததற்கும் ஒரு முன்கதை உண்டு. 1934-ல் கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ என்று காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற வடிவத்தில் ஒரு காரை விட்டது. பொறியியலில் நல்ல கார், ஜனங்களுக்கோ முகம் பிடிக்கவில்லை. விற்பனை படுத்துவிட்டது. சூடு கண்ட பூனையாகக் கம்பெனி அதற்கப்புறம் அழகு விஷயத்தில் புதுசாக எதையும் தொடவில்லை. 1949-ல் வந்த புதிய பிளைமவுத், டாட்ஜ் எல்லாம் உயரமாக, பெட்டி பெட்டியாக, உறுதியாக வந்தன.

அந்த நேரத்தில் அது தப்பாகவும் தெரியவில்லை. போருக்காக 1942 பிப்ரவரியிலேயே அமெரிக்காவில் பொதுமக்களுக்குக் கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள். 1945-ல் திரும்ப ஆரம்பித்தபோது வாங்க ஆள் வரிசையில் நின்றது. நாலு சக்கரம் இருந்தால் விற்றது. கார் தொழிலில் புதுசாக நுழைந்த கைசர்-ஃபிரேசர் கூட 1947, 48-ல் நன்றாகவே விற்றது. 1949-ல் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் மூன்றும் புது மாடல்களை இறக்கியதும் கைசர் தடாலென்று சரிந்தது. பசியில் இருப்பவனுக்கு விற்றதை வைத்துத் தன் சரக்கு நல்ல சரக்கு என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

கிரைஸ்லருக்கு அந்த அடி கொஞ்சம் தாமதமாக விழுந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே 1950-லேயே பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர் கொடுத்தது. ஃபோர்டு 1951-ல் கொடுத்தது. பிளைமவுத் 1954-க்கு வந்தபிறகுதான் முழு ஆட்டோமேட்டிக் கொடுத்தது. ஃபோர்டிடம் வி-8 என்கிற எட்டு சிலிண்டர் எஞ்சின் பழைய நாளிலிருந்தே உண்டு. பிளைமவுத்துக்கு வி-8 கிடைத்தது 1955-ல். இதற்கு நடுவில் 1953, 54-ல் ஃபோர்டும் செவர்லேயும் ஒருவரை ஒருவர் முந்துவதற்காகக் கார்களை டீலர்கள் தலையில் கட்டி விலையைக் குறைத்துத் தள்ளின. இரண்டு யானை மோதியதில் சின்னக் கம்பெனிகள் நசுங்கின, கிரைஸ்லரும் தப்பவில்லை. பல வருஷம் மூன்றாம் இடத்தில் இருந்த பிளைமவுத் 1954-ல் பியூக், ஓல்ட்ஸ்மொபீலுக்குப் பின்னால் ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. நாலைந்து வருஷம் முன்னால் நல்ல கார் என்று பேர் வாங்கிய அதே வண்டியைத் தாத்தா வண்டி என்று இளவட்டங்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

இங்கே நடந்தது வேறு. பம்பாயில் வால்சந்த் ஹீராசந்த் ஆரம்பித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1947-லிருந்து குர்லாவில் கிரைஸ்லர் வண்டிகளைப் பூட்டி விற்றது. டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமேட், பிளைமவுத் என்று பெயர்கள் வேறு வேறு. அடியில் எல்லாம் பிளைமவுத்தான். முகப்பில் கொஞ்சம் குரோமியம் மாறும், சின்னம் மாறும். அதே கம்பெனி டாட்ஜ், ஃபார்கோ லாரிகளையும் விட்டது. லாரி ஓடிய ஊரில் எல்லாம் அந்தக் கம்பெனி எஞ்சினைத் திறந்து மூடத் தெரிந்த கை இருந்தது. இது பெரிய விஷயம். 1928 முதல் பம்பாய் சேவ்ரியில் செவர்லே பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும், ஃபோர்டும், உள்நாட்டிலேயே உதிரிப்பாகம் தயாரிக்காதவர்களுக்கு இடமில்லை என்று 1953-ல் அரசாங்கம் முடிவெடுத்ததும் கடையைக் கட்டின. பிரீமியர் நின்றது, ஃபியட்டுக்குப் போனது.

அதனால் இந்தியாவில் அமெரிக்கப் பெரிய காரின் புது விற்பனை என்பது சட்டத்தால் முடிந்த கதை. ஆனால் பழைய வண்டிச் சந்தை ஒன்று இருந்தது. அங்கே யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சொந்தக் காசைப் போட்டு, அதை ஓட்டியே சோறு சாப்பிட வேண்டிய டிரைவர்கள் தேடித் தேடி வாங்கியது டாட்ஜையும் பிளைமவுத்தையும்தான். அமெரிக்க ஷோரூமில் தோற்ற உயரம், தாழ்ந்த வேகத்திலேயே இழுக்கிற பழைய எஞ்சின், கனமான அடிச்சட்டம், இந்த மூன்றும்தான் மலைப்பாதையில் ஜெயித்தன.

சரி, ஓட்டிப் பார்த்ததைச் சொல்கிறேன். எஞ்சின் சுமார் 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர், வால்வு பக்கவாட்டில் இருக்கிற பழைய ரகம். சக்தி நூறு குதிரைக்கு உள்ளேதான். காகிதத்தில் பார்த்தால் இன்றைய சின்னக் கார் கூட இதைத் தாண்டும். லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் அந்தக் கணக்கு மாறுகிறது. மூன்று கியர்தான், ஸ்டீயரிங் தண்டிலேயே லிவர். இரண்டாம் கியரில் போட்டுவிட்டு, கொண்டை ஊசி வளைவில் வேகம் நடை வேகத்துக்கு இறங்கினாலும் எஞ்சின் திணறுவதில்லை. மெதுவாகச் சேர்த்துக்கொண்டு மேலே இழுக்கிறது. எதிரே கேரளா பஸ் வந்து முழுசாக நிறுத்த நேர்ந்தால் மட்டும் முதல் கியர். முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது ஓட்டத்திலேயே கியர்ப் பல்லை உரசாமல் சேரவைக்கும் அமைப்பு, கிடையாது. உருண்டுகொண்டிருக்கும்போது போட வேண்டுமானால் இரட்டைக் கிளட்ச் மிதிக்கத் தெரிய வேண்டும். தெரியாதவர்கள் நிறுத்திவிட்டே போடுங்கள். அந்த கியர்ப் பல் உடைந்தால் இன்றைக்குத் தேடி அலைய வேண்டும்.

ஸ்டீயரிங் கனம். வளைவில் கை மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். தோள் வலிக்கும். கோடையில் ஏற்றத்தில் பெட்ரோல் பம்ப் சூடாகி, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, வண்டி இருமி நின்றுவிடும். ஈரச்சாக்கைப் பம்பின் மேல் போட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் கிளம்பிவிடும். மாமா காலத்து டிரைவர்கள் சாக்கும் தண்ணீர்க் கேனும் இல்லாமல் லோயர் கேம்ப்பைத் தாண்டமாட்டார்கள். கூடலூர்க்காரர் வண்டியிலும் அதையே பழக்கப்படுத்தியிருக்கிறேன்.

பிரேக் நாலு சக்கரத்துக்கும் டிரம். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர். சரியாக வைத்தால் அந்தக் காலத்து வண்டிகளிலேயே உருப்படியான பிரேக் இதுதான் என்பேன். சரியாக வைப்பதுதான் வேலை. ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனியாக அட்ஜஸ்ட்மென்ட் உண்டு. ஷூ டிரம்மோடு ஒத்து உட்காரவில்லை என்றால் ஒரு பக்கம் இழுக்கும், பெடல் பஞ்சாக இருக்கும். புது லைனிங் போட்டுவிட்டு அவசரத்தில் மூடுகிற ஒர்க்‌ஷாப்பில் விட்டால் “டாட்ஜுக்குப் பிரேக்கே கிடையாது” என்று பேர் வரும். நான் ஒரு பழைய ஆக்சில் கொட்டையில் கம்பியைப் பற்றவைத்து அளவுகோல் செய்து வைத்திருக்கிறேன். அதைச் சுழற்றிப் பார்த்து, ஷூ மேலும் கீழும் ஒரே இடைவெளியில் நிற்கும்வரை திருகுவேன். அரை நாள் ஆகும். அதற்குப் பிறகு பல மாதம் தொட வேண்டியதில்லை.

கைப்பிரேக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உயிர் விஷயம். இந்த வண்டியில் கைப்பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் ஒரு டிரம் இருக்கிறது, அதைத்தான் பிடிக்கும். வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்வரை நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஏற்றத்தில் பஞ்சராகி ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் கதை முடிந்தது. ஷாஃப்ட் சுற்றாது, ஆனால் பின் சக்கரம் இரண்டையும் தனித்தனியாகச் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் நடுவில் இருக்கிறதே. தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்ற, வண்டி ஜாக்கியை விட்டு உருண்டுவிடும். கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதிதான். முன் சக்கரம் இரண்டுக்கும் பின் சக்கரத்துக்கும் கட்டை போடாமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். அந்தக் காலத்துக் கிளீனர் பையன்கள் வண்டி நிற்கும் முன்னே கட்டையோடு குதித்தது வெறும் வழக்கம் இல்லை.

சக்கரத்தில் இன்னொன்றும் உண்டு. இடது பக்கச் சக்கரத்து போல்ட்டுகள் எதிர்மரை. வலப்பக்கம் சாதாரண மரை. ஓடும்போது போல்ட் தளர்ந்துவிடக் கூடாது என்று கிரைஸ்லர் அப்படி வைத்தது. நான் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் வெளியூர் மெக்கானிக் ஒருவர் இடது சக்கரத்தைக் கழற்றப் பைப் போட்டு நீட்டி மிதித்துக்கொண்டிருந்தார். மாமா தள்ளி நின்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, “மாப்ள, போல்ட்டு தலையில என்ன எழுதியிருக்குன்னு அவருக்குப் படிச்சுச் சொல்லு” என்றார். எல் என்று ஒரு எழுத்து இருந்தது. அதற்குள் ஒரு போல்ட் போய்விட்டது. டயர்க் கடையில் காற்றுத் துப்பாக்கி வைத்துக் கழற்றுகிற இந்தக் காலத்தில் இது இன்னும் ஆபத்து. பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

இப்போது இம்பாலா.

அழகு பற்றிப் பேச்சே இல்லை. 1960 இம்பாலாவின் பின்பக்கம் விரிந்து படுத்த சிறகோடு நிற்பதைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா கடந்து போக மாட்டார்கள். குமுளி பஸ் ஸ்டாண்டு முன்னால் நிறுத்தியபோது கூட்டம் கூடிவிட்டது. அந்தச் சிறகுக்கும் கிரைஸ்லர்தான் காரணம் என்றால் பலர் ஆச்சரியப்படுவார்கள். 1954 அடிக்குப் பிறகு கிரைஸ்லர் தன் வடிவமைப்பாளர் வெர்ஜில் எக்ஸ்னரிடம் பொறுப்பை விட்டது. அவர் 1955-ல் வண்டிகளை நிமிர்த்தி, 1957-ல் தாழ்வாக, பின்னால் பெரிய துடுப்போடு அடியோடு மாற்றினார். 1956-ல் ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்பாளர் சக் ஜோர்டன், கிரைஸ்லர் வளாகத்து வேலிக்குள் நிறுத்தியிருந்த புது பிளைமவுத்துகளை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, ஓடிப்போய் மற்றவர்களைக் கூட்டிவந்து காட்டினாராம். தாங்கள் வரைந்து வைத்திருந்தது பழசாகிவிட்டது என்று அங்கேயே புரிந்துவிட்டது. அந்தப் பதற்றத்தில் பிறந்ததுதான் 1959-ன் செவர்லே சிறகு. 1960-ல் அதைக் கொஞ்சம் அடக்கினார்கள்.

ஆனால் 1957 கிரைஸ்லர் வண்டிகளுக்கு நேர்ந்தது ஒர்க்‌ஷாப்காரன் என்ற முறையில் என்னை வருத்துகிறது. முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக்கொடுக்கும் இரும்புத் தண்டு வைத்த டார்ஷன் பார் சஸ்பென்ஷன், வளைவில் சாயாமல் திரும்பும் அருமையான அமைப்பு. ஷோரூமில் அள்ளிக்கொண்டு போனார்கள். அவசரமாகச் செய்ததால் மழையில் உள்ளே தண்ணீர் ஒழுகியது, புதுசிலேயே துரு ஏறியது, டார்ஷன் பார் முறிந்தது. வாங்கியவர்கள் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். 1958-ல் விற்பனை பலமாகச் சரிந்தது. பொருளாதார மந்தமும் அந்த வருஷம் சேர்ந்துகொண்டது உண்மைதான். ஆனால் தரம் கெட்ட பேர் மந்தம் போன பிறகும் போகவில்லை. உறுதியான அழகில்லாத காரை விற்றவர்கள், அழகான உறுதியில்லாத காருக்குத் தாவினார்கள். நடுவில் ஒரு வருஷம் பொறுத்து, அழகையும் உறுதியையும் சேர்த்திருந்தால் ஜெனரல் மோட்டார்ஸ் இன்னும் கஷ்டப்பட்டிருக்கும் என்பது என் நம்பிக்கை.

மலைப்பாதைக்கு வருவோம். இம்பாலா நீளம் 5.3 மீட்டருக்கு மேல், அகலம் இரண்டு மீட்டரைத் தாண்டும். கொண்டை ஊசியில் ஒரே மூச்சில் திரும்பாது. முன்னே போய், பின்னே எடுத்து, மறுபடி முன்னே. பின்னால் வரிசை சேர்ந்துவிடும். பின் சக்கரத்துக்குப் பிறகு நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதி ஏற்றமும் வளைவும் சேருகிற இடத்தில் தரையைத் தேய்க்கிறது. அடிச்சட்டம் எக்ஸ் வடிவம், பக்கவாட்டில் சட்டம் இல்லை. கதவுப் பக்கம் யாராவது இடித்தால் தாங்கப் பெரிதாக எதுவும் இல்லை என்பதை வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏறுவதை விட இறங்குவதுதான் கவலை. இந்த வண்டியில் பவர்கிளைடு, மொத்தமே இரண்டு கியர். லோவில் போட்டு இறங்கினால் எஞ்சின் கொஞ்சம் பிடிக்கிறது, போதவில்லை. மீதியை டிரம் பிரேக் தாங்க வேண்டும். பாதி இறக்கத்தில் லைனிங் வாசனை வந்தது, பெடல் கட்டையானது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு, அப்புறம் இறங்கினேன். நேரான, அகலமான அமெரிக்க நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு நாள் முழுக்க அலுப்பில்லாமல் போவதற்கு உருவான கார் அது. அங்கே அது ராஜா. 1965-ல் ஒரே வருஷத்தில் இம்பாலா மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது சும்மா இல்லை. விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டியது, பார்க்கக் காடிலாக் மாதிரி இருந்தது, ஊருக்கு ஊர் டீலர் இருந்தார், திரும்ப விற்றால் நல்ல விலை கிடைத்தது. கம்பம் பள்ளத்தாக்கிலேயே, தேனி வரை நேர் ரோட்டில் ஓட்டினால் அந்தச் சுகம் தெரிகிறது. மிதந்து போகிறது.

எட்ஸெல் வாங்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். கண்காட்சிக்கு வாங்கலாம், ஓட்டுவதற்கு வேண்டாம். ஃபோர்டு 1957 செப்டம்பர் 4 அன்று பெரிய ஆரவாரத்தோடு இறக்கிய வண்டி. முதல் வருஷம் இரண்டு லட்சமாவது போகும் என்று எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவில் 63,000-ஐ ஒட்டித்தான் போனது. 1959 நவம்பரில் மூடிவிட்டார்கள். எல்லோரும் அந்த நீள்வட்ட முகப்பைப் பழிக்கிறார்கள். எனக்கு அது முக்கியக் காரணமாகத் தெரியவில்லை. விலையைப் பாருங்கள். எட்ஸெலின் மலிவு மாடல் ஃபோர்டின் உயர்ந்த மாடலோடு மோதியது, உயர்ந்த மாடல் அதே கம்பெனியின் மெர்க்குரியோடு மோதியது. இது யாருக்கான கார் என்று விற்பவருக்கே சொல்ல வரவில்லை. அதற்கென்று தனித் தொழிற்சாலையும் இல்லை. ஃபோர்டு, மெர்க்குரி வரிசையில் நடுநடுவே வரும் எட்ஸெலுக்கு ஆட்கள் கருவியை மாற்றிப் பூட்ட வேண்டும். பாகம் குறைந்த வண்டிகள் டீலரிடம் போய் இறங்கின. ஸ்டீயரிங்கின் நடுவிலேயே கியர் பொத்தான் வைத்திருந்தார்கள், ஹாரன் இருக்க வேண்டிய இடத்தில். அந்தப் பொத்தானுக்கு வேலை செய்யும் மோட்டார் கீழே கியர்பாக்ஸோடு ஒட்டி, சூட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்தது. எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும் அது நிலைக்காது என்று அன்றே சொல்லியிருப்பார். நடுத்தர விலைக் கார்களுக்கே ஆள் குறைந்த மந்தத்தில் இத்தனை குறையோடு வந்து நின்றது.

ஹட்சன் என்ற சின்ன அமெரிக்கக் கம்பெனியின் கதை வேறு மாதிரி. 1948 மாடல் அருமையான கார், தரையைத் தாழ்த்தி உள்ளே இறங்கி உட்காரும் அமைப்பு. 1952-ல் அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயங்கள் 34-ல் 27-ஐ ஜெயித்தது, அதுவும் ஆறு சிலிண்டரில். உடலும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைத்த கட்டுமானம் என்பதால் வருஷா வருஷம் வடிவத்தை மாற்றப் பெரும் பணம் வேண்டியிருந்தது. அந்தப் பணம் இல்லை, வி-8 செய்யவும் இல்லை. 1954-ல் நேஷ் கம்பெனியோடு சேர்ந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆனது. நல்ல கார் என்பதற்காக மட்டும் கம்பெனி பிழைத்துவிடாது என்பதற்கு எனக்கு இதை விட வருத்தமான உதாரணம் தெரியாது.

ஃபோர்டின் சொகுசுக் காரான லிங்கனிடம் ஒரு பாடம் உண்டு. 1958-ல் 5.8 மீட்டர் நீளத்தில் ஒரு வண்டியை விட்டு நஷ்டப்பட்டார்கள். 1961-ல் ஓரடிக்கு மேல் குறைத்து, குரோமியத்தைக் கழித்து, பின் கதவு எதிர்ப்பக்கம் திறக்கும் கான்டினென்டலை விட்டார்கள். 24,000 மைல் அல்லது இரண்டு வருஷ வாரண்டி கொடுத்தார்கள், அந்தக் காலத்தில் அது பெரிய தைரியம். விற்பனை அடுத்தடுத்த வருஷங்களில் ஏறிக்கொண்டே போனது.

அளவைக் குறைத்ததற்காகவே அடி வாங்கியவர்களும் உண்டு. 1962-ல் டாட்ஜும் பிளைமவுத்தும் பெரிய காரைத் திடீரென்று சுருக்கின. செவர்லே சுருக்கப் போகிறது என்று காதில் விழுந்த தவறான செய்தியை நம்பித்தான் என்பார்கள். செவர்லே சுருக்கவில்லை. வாங்க வந்தவர்கள் அதே விலைக்குப் பக்கத்துக் கடையில் பெரிசாகக் கிடைக்கும்போது இங்கே ஏன் வாங்க வேண்டும் என்று போய்விட்டார்கள். பாதி வருஷத்தில் டாட்ஜ் ஒரு கிரைஸ்லர் உடலை எடுத்து, பழைய டாட்ஜ் முகத்தைப் பொருத்தி, 880 என்று ஒரு பெரிய காரை அவசரமாக இறக்க வேண்டியதாயிற்று. அதே கிரைஸ்லர் 1974 மாடலாகப் பெரிய கார்களைப் புதுசாகச் செய்து கொண்டுவந்த நேரத்தில், 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. இதை விடக் கெட்ட நேரம் ஒரு கம்பெனிக்கு வர முடியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 1977 செவர்லே கேப்ரிஸ், இம்பாலா. ஜெனரல் மோட்டார்ஸ் நீளத்தில் சுமார் 27 சென்டிமீட்டரைக் குறைத்தது, எடையில் முந்நூறு கிலோ அளவுக்குக் குறைத்தது. கூரையை மட்டும் உயர்த்தியது. வெளியே சின்னது, உள்ளே உட்காருகிறவர்களுக்கு இடம் கூடுதல், டிக்கியும் பெரிது. அந்த வருஷம் ஆறு லட்சத்துக்கு மேல் விற்றது. உயரமான கூரை, நிமிர்ந்த சீட், அடக்கமான நீளம் என்று அடுக்கிப் பார்த்தால் கெல்லர் 1949-ல் சொன்னதுதான். அன்று பெட்ரோல் மலிவு, தாழ்ந்த நீண்ட வண்டி மீது ஆசை. 1977-ல் பெட்ரோல் வரிசையில் நின்ற ஞாபகம் வாங்குகிறவனுக்கு இருந்தது. போதாததற்கு ஜெனரல் மோட்டார்ஸ் அதைப் பார்க்கவும் லட்சணமாகச் செய்திருந்தது. கெல்லரின் கணக்கு சரியாகத்தான் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன், அவர் வண்டிகளைத் தினமும் தொடுகிறவன் என்ற உரிமையில்.

வாங்குகிறவர்களுக்கு இனி வேலை விஷயம். மலைக்கு மேலே, குமுளி, வண்டன்மேடு, பீர்மேடு பக்கம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ எது கிடைத்தாலும் சரி. பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், அடியில் ஒன்றுதான். கீழே கம்பம், தேனி, மதுரை நேர் ரோடு என்றால், கல்யாண வாடகைதான் நோக்கம் என்றால் இம்பாலா எடுங்கள். வாடகைக்காரர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் மணமக்களை ஏற்றிக்கொண்டு மலையில் இறங்க ஒத்துக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் இம்பாலாவுக்கு லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் வந்தால் பெரிது. டாட்ஜ் கொஞ்சம் மேல்.

டீசல் ஏற்றிய டாட்ஜ் மலிவாகக் கிடைக்கும். ஓட்டுவதற்கு அது போதும், திரும்ப அசல் நிலைக்குக் கொண்டுவர நினைத்தால் வேண்டாம். எஞ்சின் ஏற்ற முன் குறுக்குச் சட்டத்தை வெட்டியிருப்பார்கள். கீழே படுத்து, டார்ச் அடித்து, வெட்டிப் பற்றவைத்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். துரு பார்க்க வேண்டிய இடம் பின் சீட்டுக்கு அடியிலும் கதவின் கீழ் ஓரத்திலும். மலை மழையில் நின்ற வண்டி அங்கேதான் போயிருக்கும். டாட்ஜ் 6 வோல்ட், அதிலும் பாசிட்டிவ் முனை எர்த். பேட்டரியை மாற்றிப் போடுகிறவர் இன்றைய பழக்கத்தில் நெகட்டிவை பாடியில் கொடுத்துவிடுவார். உதிரிப்பாகத்துக்கு ஒரு கடையில் முழுப் பணமும் முன்னதாகக் கட்டி, வேறு வண்டியின் வாட்டர் பம்ப் வந்து சேர்ந்த அனுபவம் எனக்கு உண்டு. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

கடைசியாக, பின் டிரம்மைக் கழற்றச் சொல்லும் முன் அந்த ஒர்க்‌ஷாப்பில் டிரம்மை இழுத்துக் கழற்றும் சரியான புல்லர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆக்சில் கூம்பு வடிவம், டிரம் அதில் இறுகி உட்கார்ந்திருக்கும். புல்லரைப் பூட்டி இறுக்கிவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விட்டால் காலையில் தானாகத் தளர்ந்து வரும். சுத்தியலால் அடித்தால் ஆக்சில் பேரிங் போய்விடும். சுத்தியலை எடுக்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள், குமுளிக்குக் கொண்டுவாருங்கள். புல்லர் மாமாவுடையது, இன்னும் வேலை செய்கிறது.